2020இல் பிறந்தவனின் தடுப்பூசி அட்டையில் காலி கட்டம், இப்போது டாக்டரைப் பார்ப்பதும் வாட்ஸ்அப்பில்தான். உங்கள் பக்கம் எப்படி?

கருங்கல் அம்மா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 2020 ஆகஸ்டில் பிறந்தவன், இளையவள் 2024இல். மூத்தவனை யு.கே.ஜி. சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி அட்டை கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் ஒன்றரை வயதில் போட வேண்டிய வரிசை முழுக்கக் காலி. ஒன்பதாம் மாத ஊசி வர வேண்டியது 2021 மே மாதம், முழு ஊரடங்கு, பஸ் கிடையாது. ஜூலையில்தான் போட்டோம். அடுத்ததற்கு நாள் வந்தபோது ஒமிக்ரான் என்றார்கள். அந்த ஒரு வருடத்தில் அவனுக்கு இளைப்பு வந்து எத்தனையோ தடவை டாக்டரிடம் பேசியிருக்கிறோம், எல்லாம் போனில். வீடியோ அனுப்பினால் மருந்துச் சீட்டு போட்டோவாக வந்துவிடும். அட்டையை எடு என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி யார் முன்னாலும் அவன் உட்காரவும் இல்லை.

சரி, அது கொரோனா காலம். ஆனால் இளையவளுக்கும் இப்போது அதேதானே நடக்கிறது? நாங்கள் காட்டுகிற கிளினிக்கில் முதலில் வாட்ஸ்அப்பில் டோக்கன், பிறகு "என்ன விஷயம், வீடியோ அனுப்புங்க" என்று ரிசப்ஷனில் இருக்கிற பெண் கேட்கிறாள், நேரில் வரலாமா வேண்டாமா என்று அவளே சொல்லிவிடுகிறாள். டாக்டர் குரல் பதிவில் மருந்து சொல்கிறார். முன்பு என் அக்கா பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் சளிக்குப் போனாலும் எடை பார்க்காமல் உள்ளே விட மாட்டார்கள். இப்போது தடுப்பூசிக்குப் போனால்தான் தராசைக் கண்ணில் பார்க்க முடிகிறது.

கேட்க விரும்புவது இரண்டு. மூத்தவனுக்கு விட்டுப்போனதை இனி போடலாமா, இல்லை முதலிலிருந்து எல்லாம் போட வேண்டுமா? இளையவளுக்கு நிமோனியா ஊசி போடுகிறார்கள், அவன் அட்டையில் அப்படி ஒன்றே இல்லை, அதுவும் விட்டுப்போனதா? இன்னொன்று, இந்த வாட்ஸ்அப் வைத்தியம் எல்லா ஊரிலும் இப்படித்தானா, இல்லை எங்கள் பக்கம் மட்டுமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர், திருவட்டார்

மக்களே, முதலில் பயத்தை விடு. முதலிலிருந்து போட வேண்டியதே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முன்பு போட்ட ஊசி வீணாகாது. ஒன்றரை வயதில் விட்டுப்போனது தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது டோஸ், டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஊசி) பூஸ்டர், போலியோ பூஸ்டர் சொட்டு. இதில் தட்டம்மை-ரூபெல்லா, அதாவது எம்.ஆர். ஊசியை அரசு திட்டத்தில் 5 வயது வரைக்கும்தான் போடுவார்கள், போலியோ சொட்டும் அப்படித்தான். உன் மகனுக்கு 2025 ஆகஸ்டில் 5 முடிகிறது, அதனால் பள்ளிக்கூடம் திறக்கட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. டி.பி.டி. 7 வயது வரை போடலாம். 5 வயதில் போடுகிற அடுத்த டி.பி.டி. இருக்கிறதே, அதற்கும் இப்போது போடுவதற்கும் நடுவில் 6 மாதமாவது இருக்க வேண்டும், அந்தத் தேதியையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்.

நிமோனியா ஊசி விட்டுப்போகவில்லை. பி.சி.வி. நம் மாநிலத்தில் அரசு அட்டவணைக்குள் வந்ததே 2021 ஜூலையில்தான், 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று கைக்குழந்தைகளுக்கு. உன் மூத்தவன் அதற்கு முன்பே ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டான்.

அந்தக் காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நர்ஸ்கள் வரவே இல்லை என்று பலர் பேசுகிறார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் அங்கன்வாடியில் வைத்துப் போடுகிற புதன்கிழமை ஊசி நின்றது உண்மை. பிரசவ வார்டில் பிறந்த உடனே போடுகிற பி.சி.ஜி., போலியோ, ஹெபடைட்டிஸ் பி நிற்கவில்லை. பிறகு ஆரம்பிக்கச் சொன்னபோதும் தொற்று உள்ள தெருவென்று அடைத்த இடத்தில் போடக்கூடாது, மற்ற இடத்தில் கூட்டம் சேரக்கூடாது, ஒரு தாய்க்கு ஒரு நேரம் என்று கூப்பிட வேண்டும். அதே நர்ஸ்தான் காலையில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு எடுக்க வேண்டும், வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், 2021இல் பெரியவர்களுக்குக் கொரோனா ஊசியும் போட வேண்டும். ஒருத்திக்கு இரண்டு கைதானே. விட்டுப்போன பிள்ளைகளின் பெயரை ரெஜிஸ்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்து, பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதியும்போது தருகிற எண்) பார்த்துப் பார்த்து போன் பண்ணினோம். பாதிப் பேர் அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்கள், நம்பர் மாறியிருக்கும், வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளையின் நம்பர் கொடுத்திருப்பார்கள். இப்படிப் பிடிபடாமல் போனதில் உன் மகனும் ஒருவனாக இருக்கலாம்.

முந்திரி கம்பெனி தங்கச்சி

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்த டோக்கன்தான் வசதி. முன்பு பிள்ளைக்குச் சளி என்றால் காலை ஏழு மணிக்கே போய்ப் பெயர் எழுதி வைத்துவிட்டு, பதினோரு மணி வரை மற்ற பிள்ளைகளின் இருமலுக்கு நடுவில் காத்துக்கிடக்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும். ஒரு சளிக்குப் போய் இன்னொரு சளியோடு திரும்பி வருவோம். இப்போது வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஆறே முக்காலுக்கு என்று நேரம் சொன்னால் ஆறே முக்காலுக்குப் போகிறேன்.

போனில் மட்டும் எல்லாம் என்றால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் டோக்கனையும் போன் வைத்தியத்தையும் ஒன்றாகப் போட்டுத் திட்டாதீர்கள். பெரிய போன் இல்லாத ஆளுக்கு டோக்கன் எப்படி என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி, எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நான்தான் போட்டுக்கொடுக்கிறேன்.

தக்கலை குழந்தை டாக்டர்

தடுப்பூசி விஷயத்தில் சிஸ்டர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் வைத்தியத்துக்கு வருகிறேன், அதில் எனக்கும் பங்கு உண்டு.

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான் தொலைபேசி வழி மருத்துவத்துக்கான விதிமுறை இந்தியாவில் வந்தது. அதற்கு முன் நாங்கள் போனில் மருந்து சொன்னது பழக்கத்தில்தான், எழுதிய விதி கிடையாது. குழந்தை என்றால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது. அரசு பக்கம் இசஞ்சீவனி என்ற வீடியோ வழி மருத்துவச் சேவை வந்தது, தமிழ்நாட்டில் நிறையப் பேர் பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே எனக்குத் தெரிந்த குழந்தை, தெரிந்த நோய், மருந்தை ஏற்றலாமா குறைக்கலாமா என்ற கேள்வி, பரிசோதனை முடிவைப் பார்த்துச் சொல்வது, இதற்கெல்லாம் போன் அருமையானது. குலசேகரத்திலிருந்து ஒரு தாய் ஒரு ரிப்போர்ட்டைக் காட்ட மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

புதிதாக வந்த நோய் வேறு. வீடியோவில் காது தெரியாது, வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, நெஞ்சில் குழல் வைக்க முடியாது. அந்த இரண்டு வருடம் நேரில் வந்த குழந்தைக்கே நாங்கள் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டை பார்ப்பதைத் தவிர்த்தோம், இருமினால் டாக்டருக்கு வந்துவிடுமே என்று. அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் போகவில்லை, இதை என் சக டாக்டர்கள் படித்தால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கண்ணால் பார்க்காதபோது டாக்டரின் கை தானாக ஆன்டிபயாட்டிக் பக்கம் போகும், எதற்கும் இருக்கட்டும் என்று. அதுதான் என் பெரிய கவலை.

எடையைப் பற்றிக் கேட்டீர்களே, அது வளர்ச்சிக்கு மட்டும் அல்ல. காய்ச்சல் மருந்தின் அளவே எடையை வைத்துத்தான், பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. போனில் "எடை என்ன" என்றால் ஆறு மாதத்துக்கு முன் பார்த்த எடையைச் சொல்வார்கள். அடுத்து வீட்டில் இருக்கும் பாட்டில். சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 என்றும் வரும், 250 என்றும் வரும், கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ 1 மில்லியிலேயே 100. "பாராசிட்டமால் 5 மில்லி கொடுங்க" என்று குரல் பதிவில் ஒருவர் சொல்லி, வீட்டில் இருந்தது சொட்டு மருந்து பாட்டில் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். போனில் மருந்து கேட்டால் பாட்டில் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், டாக்டர் கேட்காவிட்டாலும்.

வீடியோ எல்லாம் வேண்டாம், நேரே வந்துவிட வேண்டும் என்பதற்கு நான் சொல்வது: மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல். பால் குடிக்காத, எழுப்பினாலும் எழும்பாத குழந்தை. வலிப்பு. மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது. மூச்சு வேகத்தை வீட்டிலேயே எண்ணலாம், தூங்கும்போது சட்டையை உயர்த்தி ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 2 மாதத்துக்கு மேல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 5 வயது வரை 40, இந்த அளவைத் தொட்டாலே காட்ட வேண்டும். ரிசப்ஷனில் யார் என்ன சொன்னாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. முன்பு இளைப்பு என்றால் கிளினிக்கில் நெபுலைசர் வைப்போம், வரிசையாக நான்கு குழந்தைகள், ஒரே மிஷின். கொரோனா பரவும் என்று அதை நிறுத்தியபோது வேறு வழியில்லாமல் இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டுகிற குழாய்) வீட்டுக்கே கொடுத்தோம். இன்ஹேலர் என்றால் அடிமையாகிவிடும் என்று இந்த மாவட்டத்தில் அப்போது எவ்வளவு பயம்! படித்தவர்கள் வீட்டில்தான் கூடுதல். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்பேசர் அதே பலனைத் தரும், ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ தேட வேண்டாம். ஊரடங்கு இல்லாவிட்டால் இதை ஏற்கவைக்க எனக்கு இன்னும் பத்து வருடம் ஆகியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் 2020இல் பள்ளி மூடியிருந்தபோது இளைப்பும் வயிற்றுப்போக்கும் ரொம்பக் குறைந்துபோனது, ஓ.பி. காலி. பள்ளி திறந்ததும் எல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது, நான்கு வயதில் வந்துபோயிருக்க வேண்டிய சளியெல்லாம் ஆறு வயதில்.

காலி கட்டம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2021 ஜூலையில் வெளியிட்ட கணக்கில் 2020இல் 2.3 கோடிக் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசி சரிவரக் கிடைக்கவில்லை, 2019ஐ விட 37 லட்சம் கூடுதல். 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது நம்மூரிலும் பலர் அட்டையைத் தேடி எடுத்தார்கள்.

கொல்லங்கோடு அப்பா

டாக்டர் சொன்னதில் முதல் பாதிக்கு நான் சாட்சி. எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் சின்ன ஓட்டை, திருவனந்தபுரத்தில்தான் காட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாகர்கோவிலை விட திருவனந்தபுரம்தான் பக்கம். 2020இல் கேரள எல்லையான களியக்காவிளையில் தடுப்பு போட்டார்கள். பாஸ் வேண்டும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, திரும்பி வந்தால் தனிமைப்படுத்தல். ஒரே கடைத்தெரு, ஒரே பாஷை, பெண் கொடுத்து எடுத்த வீடுகள், அதற்கு நடுவில் திடீரென்று ஒரு எல்லை முளைத்தது. அப்போது அங்கிருந்த டாக்டர் போனில் பேசினார், மருந்து அளவு சொன்னார், என்ன கண்டால் பாஸுக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸில் வரணும் என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த போன் மட்டும் இல்லையென்றால் நாங்கள் பைத்தியம் பிடித்துத் திரிந்திருப்போம்.

ஆனால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பது போனில் முடியாதே. வழக்கமாக எடுக்க வேண்டிய எக்கோ ரொம்பத் தள்ளிப்போனது. இங்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் கொரோனா வார்டு ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளையை அங்கே கொண்டுபோக வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. கடவுள் புண்ணியத்தில் இப்போது நன்றாக இருக்கிறாள், ஓட்டை தானாக மூடிவிட்டது.

இன்றைக்கும் அந்த டாக்டர் ரிப்போர்ட்டை மட்டும் போனில் பார்ப்பார், மாற்றமிருந்தால் வரச் சொல்வார். அந்த அளவுக்கு என்றால் போன் வைத்தியம் தங்கம்தான்.

பேச்சிப்பாறை டீச்சர்

எல்லாரும் போன் போன் என்கிறீர்கள். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கிற காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு வந்து பாருங்கள். டவர் கிடைக்க மேட்டில் ஏறி நிற்க வேண்டும், அதற்குள் சார்ஜ் போய்விடும். அங்கே 2020லும் சரி இன்றைக்கும் சரி, நர்ஸ் படகில் வந்தால்தான் வைத்தியம்.

நான் சொல்ல வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி. ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. (திறந்த மாதத்திலேயே நம் மாவட்டத்தில் வெள்ளம் வந்து மறுபடியும் லீவு, அது தனிக் கதை.) ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்துப் பிள்ளைகளைப் பார்த்தபோது ஒரு பையன் பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினான். கண்ணாடி தேவைப்பட்டது, அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் செல்போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தானே எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். இன்னொரு பெண்ணுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. சொத்தைப் பல் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் எந்தத் தாயும் டாக்டரிடம் கேட்டிருக்க மாட்டாள். தெரிந்தால்தானே கேட்பாள். முன்பு வருடத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கும், இரண்டு தடவை அங்கன்வாடிக்கும் டாக்டரும் நர்ஸும் வண்டியில் வந்து எல்லாப் பிள்ளையையும் வரிசையாக நிறுத்தி நாக்கு, கண், பல், தோல் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா. அங்கன்வாடி மூடியதும் சத்துமாவை வீட்டுக்கே கொண்டு கொடுத்தார்கள், அது பெரிய காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் மாவு வீட்டுக்கு வந்தது, தராசு வரவில்லை. குடற்புழு மாத்திரையையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் பிள்ளை விழுங்கினதா துப்பினதா என்று யார் பார்ப்பார்?

அதனால் கருங்கல் அம்மா, உங்கள் மூத்தவனுக்கு அட்டையோடு சேர்த்துக் கண்ணையும் காதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். யு.கே.ஜி.யில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் இருக்கிற பிள்ளையைச் சமர்த்து என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

கருங்கல் அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு அவனைச் சுவரோரம் நிறுத்தி காலண்டர் தேதியைப் படிக்கச் சொன்னேன், படித்துவிட்டான். இருந்தாலும் கண் டாக்டரிடம் காட்டப்போகிறேன்.

கிளினிக்கிலும் பேசினேன். எடை பார்க்க மட்டுமாவது மாதம் ஒரு தடவை நேரில் வரலாமா என்று கேட்டதற்கு, "அதுக்கு எதுக்கு டோக்கன், நேரா வந்து தராசுல நிறுத்திட்டுப் போங்க" என்றார் டாக்டர். இதை ஒரு போர்டாக எழுதி வெளியே வைத்தால் என்ன என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. தங்கச்சி சொன்னதும் சரிதான், டோக்கனோடு எனக்குச் சண்டை இல்லை, ரிசப்ஷனில் வைத்தியம் நடப்பதோடுதான்.

சிஸ்டர், வருகிற புதன்கிழமை எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். இளையவளுக்கு ஒன்பது மாதம் ஆகப்போகிறது, அவளையும் சேர்த்துக் கொண்டுபோகலாமா? இரண்டையும் ஒரே நாளில் சமாளிக்க முடியுமா என்றுதான் யோசனை.

ஓய்வுபெற்ற சிஸ்டர், திருவட்டார்

கொண்டு போ மக்களே. ஆகப்போகிறது என்றால் போதாது, ஒன்பது மாதம் முடிந்திருக்க வேண்டும், அட்டையில் பிறந்த தேதியைப் பார். முடிந்திருந்தால் எம்.ஆர்., நிமோனியா ஊசியின் கடைசி டோஸ், கையில் போடுகிற போலியோ ஊசி, வைட்டமின் ஏ திரவம், நான்கும் அன்றைக்கே. முடியவில்லை என்றால் அவளை அடுத்த புதன் கூட்டிப் போ, மூத்தவனை மட்டும் தள்ளிப்போடாதே. இரண்டு அட்டையையும் எடுத்துக்கொள், மூத்தவன் அட்டையில் 2021 ஜூலையில் போட்ட தேதி அழிந்திருந்தால் அங்கே ரெஜிஸ்டரில் பார்த்து எழுதச் சொல். ராத்திரி இரண்டுக்கும் காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் அளவை அவர்களிடமே அன்றைய எடையைப் பார்த்து எழுதி வாங்கு. தம்பியோ மைனியோ யாராவது ஒருவரைக் கூடக் கூட்டிப் போ, இரண்டும் சேர்ந்து அழுதால் ஒற்றை ஆளால் பிடிக்க முடியாது.